உன் மாமியார் கடல் பார்த்த இரண்டு நாட்கள்

கண்ணா,

சனிக்கிழமை ராத்திரி நீ பெங்களூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்து, தோளில் பையோடு நம் வாசலில் நின்றாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. உள்ளே உன் வருங்கால மாமனார் அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வஞ்சிரம் வறுவலுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார். உன் மாமியார் நம் அடுப்படியில் நின்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வணக்கம் சொன்னாய், என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். மறுநாள் அவர்களை ரயில் ஏற்றிவிட்டு வந்து நீ கிளம்புகிற வரைக்கும் அப்பாவிடமும் என்னிடமும் நாலு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று மட்டும் கேட்டாய். ஆட்டோ கிளம்பிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். அப்பா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. "சம்பந்தி, நாங்க சென்ட்ரல்ல எறங்கிட்டோமுங்க. உங்க ஊட்டுக்கு எப்படி வரோணுமுங்க?" என்றார் உன் மாமியார், நித்யாவின் அம்மா. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ போட்ட திட்டம் என்ன? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள், நீ கார் வைத்து நேராக மாமல்லபுரம் கூட்டிப்போவாய், அங்கே ரூம், கடற்கரைக் கோயில், வருகிற வழியில் முதலைப் பண்ணை, சாயங்காலம் மெரினா. நானும் அப்பாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு மெரினாவுக்கு வந்து அவர்களைப் பார்க்க வேண்டும். நம் வீடு இருக்கிற காலடிப்பேட்டை என்கிற பேரே அந்தத் திட்டத்தில் கிடையாது. அவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே, யாரிடமும் சொல்லாமல் வந்து நிற்கிறார்கள். "அங்கேயே இருங்க சம்பந்தி, நான் வந்து கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம்கூட விவரமாகச் சொல்லாமல் புடவையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

மெட்ரோவில் போகும்போது உனக்கு நாலு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, வேலை இருந்திருக்கும். சென்ட்ரலில் அவர்கள் ஒரு தூண் ஓரமாக இரண்டு பையோடும் ஒரு பெரிய கட்டைப்பையோடும் நின்றிருந்தார்கள். கட்டைப்பையில் முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, சாலைக்கே போகாமல் சுரங்கப்பாதை வழியாகவே மெட்ரோவுக்குக் கூட்டிப்போனேன். கீழே நடைமேடையில் நின்றபோது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒரு பக்கம் விமான நிலையம் போகிற ரயில். மறுபக்கம் விம்கோ நகர் போகிற ரயில். தெற்கே போகிற ரயிலில் ஏற்றி, எங்கேயாவது ஒரு நல்ல லாட்ஜில் தங்க வைத்துவிட்டு உனக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். உன்மேல் சத்தியமாக அதுதான் என் எண்ணம். அப்போது உன் மாமியார், "எந்தப் பக்கமுங்க உங்க ஊடு?" என்று கேட்டார். முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டி லைனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். எந்தப் பக்கம் என்று ஒருத்தர் கேட்டால் யோசிக்காமல் கை நீட்டிப் பழக்கம். வடக்குப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன். ரயிலும் வந்துவிட்டது.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் பூமிக்கு அடியில் போய்விடும், உனக்குத் தெரியும். அதற்கப்புறம் ரயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். டோல்கேட் தாண்டும்போது வலது பக்கம் வீடுகளுக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தெரியும். நான் அதைக் கவனிப்பதே இல்லை. உன் மாமியார் திடீரென்று எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, அது கடலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐம்பத்து மூணு வயசில் அவர் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு, வீடு மறைக்கும்போதெல்லாம் அடுத்த இடுக்குக்காகக் காத்திருந்தார். காலடிப்பேட்டை வந்ததும், "அதுக்குள்ளயுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

வீட்டு வாசலில் அப்பா பனியனோடு நின்று வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியை அப்படியே விட்டுவிட்டு, "இன்னாமே, சொல்லிகினு வரக் கூடாதா? நான் இந்தக் கோலத்துல கீறேன்!" என்றார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "வாங்க சம்பந்தி, வாங்கம்மா, உள்ள வந்து குந்துங்க. வூடு சின்னதுதான், ஆனா காத்து சோக்கா வரும்" என்றார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. "உட்காருங்கன்னு சொல்றாரு" என்று நான் குறுக்கே விழுந்து அர்த்தம் சொன்னேன். உன் மாமனார் என்னைப் பார்த்து, "புரியுதுங்க சம்பந்தி. எங்க பட்டறைக்கு வர்ற மெட்ராஸ் டிரைவருங்க எல்லாம் இப்படித்தானுங்க பேசுவாங்க. நல்லா இருக்கும் கேக்க" என்றார். அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் என்பது நமக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் என்பதை மட்டும் நீ அவர்களிடம் சொல்லவில்லை. "ஹார்பர்ல ஆபீசர்" என்று சொல்லியிருக்கிறாய். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "உங்க ஊரு லாரிங்கோ மேல எத்தினி தபா சரக்கு எறக்கிகிறேன் தெரியுமா சம்பந்தி? கிரேனு மேல குந்திகினு பாத்தா, நாமக்கல் வண்டி தனியாத் தெரியும். அந்தப் பலகை அடிச்சிருக்கிற அழகே வேற" என்றார். உன் மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு ஆகிற வரைக்கும் இரண்டு பேரும் லாரியைப் பற்றியே பேசினார்கள். ஆபீசர் கதையை அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. பெரிய மனசு.

பத்து மணிக்கு நீ திருப்பிக் கூப்பிட்டாய். "என்னம்மா, நாலு மிஸ்டு கால்?" என்றாய். உன் மாமியார் பக்கத்தில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லடா, கை பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அது பொய்தான். ஏன் சொன்னேன் என்றால், சொல்லியிருந்தால் நீ உடனே ஒரு காரை அனுப்பியிருப்பாய். அவர்கள் அதற்குள் கைகால் கழுவி, நம் பாயில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டார்கள். இனி அவர்களைக் கிளப்பிக் காரில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தேரடியில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் கோயில். வெள்ளிக்கிழமை என்பதால் வடிவுடையம்மன் சந்நிதியில் நல்ல கூட்டம். எனக்கு வழக்கமாகப் பூ கொடுக்கிறவள் உன் மாமியாரைப் பார்த்து, "இன்னாக்கா, புச்சா கீறாங்க, யாரு?" என்று கேட்டாள். "என் சம்பந்தி" என்றேன். "அட, நம்ம தம்பிக்குக் கண்ணாலமா!" என்று சொல்லி இரண்டு முழம் பூவை உன் மாமியார் தலையில் அவளே வைத்துவிட்டாள். காசு வாங்கமாட்டேன் என்று அடம். உன் மாமியார் வழியெல்லாம், "மெட்ராஸ்ல யாரும் யார்கிட்டயும் பேசமாட்டாங்கன்னு சொன்னாங்களேக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் சம்பந்தி என்று கூப்பிட்டவர், கோயிலை விட்டு வெளியே வரும்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா அவர்களைக் காசிமேட்டு மீன் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். ஆட்டோவில் கடலோரச் சாலையில் போனால், வெயில் ஏறுவதற்கு முன் போய்விடலாம். அங்கே ஈரமும் இரைச்சலும் தாங்காது, ஐந்து வயசில் அந்த வாசனைக்கு நீ வாந்தி எடுத்தாய். உன் மாமியாரும் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் படகிலிருந்து மீன் கூடை கூடையாக இறங்கும்போது முந்தானை நழுவியது அவருக்கே தெரியவில்லை. ஏலம் போடுகிற அம்மா ஒருத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நண்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டி, "தொடு கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்றாள். அவர் ஒற்றை விரலால் தொட்டுவிட்டு, கூச்சல் போட்டுச் சிரித்தார். உன் மாமனார் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லையாம். அப்பாவிடம் சொன்னாராம்.

அங்கிருந்து ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவில் முதல் ரயில் கிளம்பிய இடம் என்று எல்லாருக்கும் சொல்லுவேனே தவிர, நான் அங்கே வேலையாக அல்லாமல் ஒரு நாளும் நின்றதில்லை. அன்றைக்கு அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்தோம். பொங்கல் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டோம். ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போனது. அப்பா பெட்டிகளை எண்ணினார், உன் மாமனாரும் எண்ணினார், இரண்டு பேருக்கும் கணக்கு வேறு வேறாக வந்தது. அதற்கு ஒரு சண்டை. எனக்கு அந்த அரை மணி நேரம் ரொம்பப் பிடித்திருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாழ்நாளெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள், என் ஊரையே நான் சுற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மதியம் தூங்கி எழுந்ததும் உன் மாமியார், "கடல்ல கால் நனைக்கோணுமுங்க" என்றார். நம் திருவொற்றியூர்க் கரையில் எங்கே கால் நனைக்க? நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகலாம் என்று பஸ் ஏறினோம். போகிற வழியில் கண்டெய்னர் வண்டிகளின் வரிசை, உனக்குத் தெரியாததா? பஸ் நகரவே இல்லை. புழுதி, புகை, ஹாரன். நான் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தேன். உன் மாமனார் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் திடீரென்று, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினார். நின்றிருக்கிற பஸ்ஸை எப்படி நிறுத்துவது? இறங்கி ஓடினார். அப்பாவும் பின்னாலேயே ஓடினார். பக்கத்து வரிசையில் சரக்கு லாரி ஒன்று நின்றது. அதன் பின்பலகையில், பெயின்ட் கொஞ்சம் மங்கிப்போய், 'நித்யா பாடி பில்டர்ஸ், நாமக்கல்' என்று எழுதியிருந்தது. அவர் பட்டறை வண்டி. அந்தப் பலகையை அவர் மாட்டைத் தடவுகிற மாதிரி தடவினார். டிரைவர் பயந்துபோய் எட்டிப் பார்த்து, "யாருங்க, என்ன வேணுமுங்க?" என்றான். அப்பாதான் பதில் சொன்னார். "தோ பாருபா, நீ ஓட்டிகினு கீறியே, இந்த வண்டிய கட்டுன கையி இது. வணக்கம் போடு."

அந்த டிரைவர் இறங்கி வந்து நிஜமாகவே கும்பிட்டான். ராசிபுரத்துப் பையன். உன் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் திரும்ப ஏறியதும் அப்பாவிடம் சொன்னார். "முப்பது வருசமா வண்டி கட்டி அனுப்பறனுங்க. எல்லாம் மெட்ராஸ் ஹார்பர் போகுதும்பாங்க. எங்க போகுது, என்ன பண்ணுதுன்னு ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. இன்னைக்குப் பாத்துட்டேன்." அந்தப் புழுதியை நீ அவர்கள் கண்ணில் படாமல் மறைக்க நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முகத்துவாரத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அழகான இடம் என்று பொய் சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பலும் கழிவும் கலந்து ஆற்றில் தண்ணீர் கறுப்பு, காற்று திரும்பினால் ஒரு நெடி. ஆனால் ஆறு கடலில் போய்ச் சேருகிற அந்த மணல்திட்டில் நின்றால் ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அசையாத தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் நின்று சிலர் கையாலேயே இறால் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இரண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள். உன் மாமியார் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு அலைக்குள் நின்றார். ஒவ்வொரு அலைக்கும் ஒரு அடி பின்னால் வந்தார், அப்புறம் ஒரு அடி முன்னால் போனார். ரொம்ப நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "ஊடு பாக்க வாரோம்னு மூணு தடவ சொன்னோமுங்க. மொதத் தடவ வெள்ளையடிக்கறாங்கன்னாரு மாப்பிள்ளை. அடுத்த தடவ அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலைன்னாரு. அப்பறம் மாமல்லபுரத்துல ரூம் போட்டிருக்கேன்னாரு. இவருக்குச் சோறு எறங்கல. வேற ஏதாச்சும் கல்யாணம் ஆகியிருக்குமோ, பெத்தவங்களே இல்லையோன்னு என்னென்னமோ பேசறாரு. ஊட்டக் கண்ணால பாக்காம பத்திரிகை அடிக்கறதில்லை, சரியில்லைன்னா நிறுத்திப்போடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானுங்க ரயில் ஏறினோம். நித்யாவுக்குக்கூடச் சொல்லலீங்க."

அவர் என் கையைத் தொட்டு, "நேத்துக் காலைல இருந்து தேடறேன் அக்கா. ஒண்ணையும் காணோம். நல்ல ஊடு, நல்ல மனுசங்க. மாப்பிள்ளை எதைத்தானுங்க மறைச்சாரு?" என்று கேட்டார்.

"எங்களைத்தான்" என்றேன்.

உன்மேல் கோபத்தில் சொன்னேன் என்று நினைக்காதே. அவரிடம் நான் என்ன சொன்னேனோ அதை உனக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை உன்னிடம் ஒருநாளும் நான் ஒத்துக்கொண்டதில்லை. நீ ஏழாவது படிக்கும்போது எழும்பூர்ப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? அப்பா அதற்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு, கடையில் கொடுத்துச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நான் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "நீங்க வர வேண்டாம். அங்க எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்க. நீங்க வாயைத் திறந்தா பையன் மானம் போயிடும்" என்றேன். அவர், "சரிமே, நீ இட்டுகினு போ. நான் வூட்ட பாத்துக்கறேன்" என்றார். போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். நீ பஸ்ஸில், "அப்பா ஏன் வரல?" என்று கேட்டாய். டூட்டி என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நம் வீட்டில் ஒரு சுவர்தானே. நீ கேட்டிருப்பாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அதோடு விட்டேனா? 'இருக்குது' என்பதற்குப் பதில் 'கீது' என்று சொன்னதற்கு உன்னை அறைந்திருக்கிறேன். காலேஜ் இன்டர்வியூவுக்குப் போகும்போது, "எங்கே வீடுன்னு கேட்டா பீச் ஸ்டேஷன் பக்கம்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தேன். வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் பெண் நான், எங்கள் வீட்டுத் தமிழ் சுத்தம், இவர்கள் தமிழ் கலீஜ் என்று ஒரு கர்வம் எனக்கு. அந்தத் தமிழ் பேசுகிற மனுஷன்தான் எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்பது அந்தக் கர்வத்தில் எனக்குத் தெரியவில்லை. நீ ஆபீசர் என்று சொன்னதும், வீட்டை மறைத்ததும் எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நான் விதைத்ததுதான். உன் மாமியாரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு அழுதேன். அவர் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயிங்களா இத்தன பாடு?" என்றார். அப்புறம், "நானும் எங்க பங்காளி ஊட்ல எல்லாம், மாப்பிள்ளை ஊடு மெரினாவுக்கு எதுத்தாப்புலன்னு சொல்லி வெச்சிருக்கனுங்க" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் இறால் பிடிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்த கொஞ்ச நேரத்தில் நீ வந்து நின்றாய். அன்று காலை நித்யாவிடம் அவள் அப்பா போனில் காசிமேட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், அவள் சொல்லித்தான் உனக்குத் தெரிந்ததாம். அவள் திங்கட்கிழமை எனக்குப் போன் செய்தாள். கோபமெல்லாம் இல்லை. "அத்தை, எங்கிட்ட மட்டுமாவது அவர் சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காதே. வெட்கமாக இருந்தது என்று சொல். அப்பாவைப் பற்றிச் சொன்னது பொய் என்று சொல். அவள் உன்னோடு முப்பது நாற்பது வருஷம் இருக்கப் போகிறவள். நான் அப்பாவிடம் அந்தப் பரிசு நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்டது இந்தச் செவ்வாய்க்கிழமைதான். இத்தனை வருஷம் ஆயிற்று. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அத்த இன்னுமா நெனச்சிகினு கீற? பேஜாரு புடிச்சவளா கீறியே" என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "புள்ள அன்னிக்கு மேடையில இன்னா சட்ட போட்டிருந்தான்?" என்று கேட்டார். நான் சொன்னேன். மேடையில் உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள், யார் கை தட்டினார்கள், எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். நீயும் இப்படித் தள்ளிப்போடாதே.

இனி நடக்க வேண்டிய காரியம். பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். முகூர்த்தம் நாமக்கல்லில், அதில் மாற்றமில்லை. வரவேற்பை நீ அடையாறில் ஒரு ஹாலில் வைக்கலாம் என்றாய். உன் மாமனார் நேற்றுப் போன் செய்து, "மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க சம்பந்தி, உங்க ஊர்லயே வெச்சுக்கலாம். நம்மாளுக நாப்பது பேரு ஒருநாள் முன்னாடியே வர்றோம். எல்லாருக்கும் ஊரு பாக்கோணுமாம்" என்றார். தேரடி பக்கத்து மண்டபத்தை அப்பா கேட்டுவிட்டு வந்துவிட்டார், கிடைக்கிறது. நாற்பது பேரையும் நீதான் கூட்டிப்போக வேண்டும். எனக்கு முழங்கால் வலி, நாற்பது பேருக்குப் பின்னால் ஓட முடியாது.

வேன் எல்லாம் வேண்டாம், மெட்ரோவிலேயே கூட்டி வா. வயசானவர்களுக்கு லிப்ட் இருக்கிறது. எல்லாரையும் வலது பக்க ஜன்னலோரம் உட்காரச் சொல், டோல்கேட் வரும்போது கடலைக் காட்டு. காசிமேடு என்றால் விடியற்காலைதான், செருப்பு வழுக்காமல் போட்டு வரச் சொல். ராயபுரத்தில் அவசரப்படுத்தாதே, உட்கார விடு. கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், அதைக் கடைசியில் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள். முகத்துவாரத்தில் சின்னப் பிள்ளைகளை ஆழத்துக்கு விடாதே, அங்கே இழுப்பு அதிகம். யாராவது அந்தத் தண்ணீர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டால், சமாளிக்காமல் ஏன் என்று சொல்.

வரவேற்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், அவர்கள் சென்ட்ரலில் இறங்குகிறார்கள். அப்பா உன்னோடு வருவார். நாற்பது பேர் சுற்றி நின்று அப்பா வாயைப் பார்க்கும்போது உனக்குப் பழக்கதோஷத்தில் நாமே முந்திக்கொண்டு பேசிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நீ பைகளை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நில். வாங்க என்று அவர் கூப்பிடட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா